தமிழில் பெயரில்லாத ஒரு நோய்

நோய்களுக்குள்ளும் சாதிப் பிரிவினை உண்டு. நீரிழிவும் இருதய நோயும் நம்மவர் வீடுகளில் முன் விறாந்தையில் வைத்துப் பேசப்படுகின்றன. எந்த நிபுணர் கைராசிக்காரர், எந்தக் கடையிற் குளிசை மலிவு என்றெல்லாம் விருந்தினரோடு கூடி ஆராயப்படுகின்றன. சயரோகம் அடுப்படியில் அடங்கிய குரலிற் பேசப்படும். தோலிலே தோன்றும் நோய்க்கோ வீட்டுக்குள் இடமே இல்லை. அது வேலிக்கு அப்பால் நின்று மற்றவர்கள் பேசுவது.

தோல் நோயாளியின் நோயைக் காண எவருக்கும் எக்ஸ்றே வேண்டியதில்லை. ஈரலில் உள்ள கட்டிக்கு வைத்தியர் பெயர் சூட்டும்வரை ஊர் காத்திருக்கும். முகத்தில் உள்ள கட்டிக்கு ஊர் காத்திராது. சந்தையிலோ பஸ்ஸிலோ கோயில் வீதியிலோ கண்ட கணத்திலேயே பெயர் வைத்துவிடும். அந்தப் பெயரும் பெரும்பாலும் ஒன்றேதான்.

நான் வைத்தியனல்லன். முப்பத்தோராண்டுகள் அரசாங்க வைத்தியசாலைகளின் நோயியல் ஆய்கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெட்டியெடுத்த தோற்றுணுக்கைப் போமலினில் ஊறவைத்து, மெழுகிற் பதித்து, தாளினும் பன்மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட்டு நிபுணரின் மேசையில் வைப்பது என் தொழிலாக இருந்தது. எங்களுக்கு நோயாளியின் முகம் தெரியாது, இலக்கந்தான் தெரியும். அதில் ஒரு நன்மையும் உண்டு. இலக்கத்தைக் கண்டு எவரும் அருவருப்பதில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும், ஓர் இலக்கத்துக்குரிய முகம் எனக்கு முன்னரே தெரிந்திருந்தது.

என் மனைவியின் ஒன்றுவிட்ட தமையனாரின் மகள் அவள். வன்னியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தில் வேலை. 2009ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கரையோரத்திலே ஷெல் துண்டொன்று அவளது இடது முன்கையைக் கிழித்தது. அப்போது வயது பத்தொன்பது. புண் ஆறியது, மூன்று விரலளவு நீளத்துக்கு ஒரு தழும்பு எஞ்சியது. அத்தகைய தழும்பில்லாத உடம்பை அவர்கள் ஊரிற் காண்பது அரிது. ஆதலால் அதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. அவளும் எண்ணவில்லை.

எட்டாண்டுகளின் பின்னர், 2017இன் தொடக்கத்தில், மூக்கு மடலின் ஓரத்தில் மிளகளவிற் சில பருக்கள் தோன்றின. கடியில்லை, நோவில்லை, சீழில்லை. மெல்ல மெல்ல அவை கன்னத்துக்கும் பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து தடித்தன. படர்தாமரை என்று ஒருவர் களிம்பு கொடுத்தார். ஒவ்வாமை என்று வேறொருவர் வேறொரு களிம்பு கொடுத்தார். பூசியபோது அமுங்கியது, விட்டபோது முன்னிலும் எழுந்தது. மூன்றாமிடத்தில், தோற்றத்தை மட்டும் வைத்து, தொழுநோய்க்கான மருந்தைத் தொடங்கினார்கள். அந்த மருந்துக் கூட்டிலே குளோபசிமீன் என்றொரு குளிசை உண்டு. நல்ல மருந்துதான், ஆனால் தோலைக் கறுப்பாக்கும் இயல்புடையது. அவள் முகம் கறுத்தது. ஊரின் ஐயம் தீர்ந்தது.

பின்னர் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள். கோயில் அன்னதானத்தில் அவளுக்கு இலை சற்றுத் தள்ளிப் போடப்பட்டது. பஸ்ஸில் அவள் அருகிலிருந்த ஆசனம் சனநெருக்கத்திலும் காலியாகவே சென்றது. தொழிற்சாலையில், "சுகமான பிறகு வாருங்கள்" என்று பண்பாகவே சொன்னார்கள். பண்பாகச் சொன்னாலும் சம்பளம் நின்றது.

அந்த ஆண்டின் ஆனி மாதத்திலே நானே அவளைப் போதனா வைத்தியசாலை ஒன்றின் தோல்நோய்க் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். நிபுணர் இளையவர். முன்னைய துண்டுகளையெல்லாம் வாசித்தார். முகத்தை வெளிச்சத்திற் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாயிருந்தது.

"உடம்பிலை பழைய காயத் தழும்பு ஏதும் இருக்கோ, தங்கச்சி?"

அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். தட்டையாகவும் வெளிறியும் கிடந்த தழும்பு, இப்போது கபில நிறத்தில் வரம்பு போல எழுந்து நின்றது.

"இது எப்ப தடிச்சது?"

"மூக்கிலை வந்து கொஞ்ச நாளாலை, டொக்டர். பழைய காயந்தானே எண்டு ஒருத்தருக்கும் காட்டேல்லை."

ஒருவரும் கேட்கவுமில்லை. இரண்டரை ஆண்டுகளில் அவளைப் பார்த்த அத்தனை பேரும் முகத்தையே பார்த்தார்கள்.

சார்க்கொயிடோசிஸ் என்னும் நோய் தோலைப் பற்றும்போது, ஆறிப்போன தழும்புகளைத் தேடிச்செல்வது அதன் இயல்புகளுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் உறங்கிய தழும்பு ஒருநாள் காரணமின்றிச் சிவந்து தடிக்கும். அறுவைச் சிகிச்சைத் தழும்பு, முழங்காலிற் சிறுவயதில் விழுந்த காயம், பச்சை குத்திய இடம், எதுவாயினும் ஒன்றே. இந்நோய் பெரும்பாலும் நுரையீரலையும் நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் பற்றுவது. ஏறத்தாழ நான்கு நோயாளரில் ஒருவருக்குத் தோலிலும் தோன்றும். அவ்வாறு தோன்றுவது ஒருவகையில் அனுகூலமே. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தால், நெஞ்சைத் திறக்காமலே உள்ளிருப்பதை அறியலாம்.

ஆனால் தோலிலே அது எந்த உருவில் வரும் என்பதற்கு ஒழுங்கேயில்லை. பருக்களாக வரும், பட்டைகளாக வரும், தோலின் கீழே நோவில்லாத உருண்டைகளாக வரும், நிறம் வெளிறிய தேமலாகவும் வரும். பழைய வைத்தியர்கள் கிரந்திப் புண்ணைப் போலவே இதனையும் வேடதாரி என்றார்கள். கணைக்காலில் நோவுடன் சிவந்த முடிச்சுகளாகவும் சிலருக்குத் தோன்றும். கூடவே காய்ச்சலும் மூட்டு நோவும் இருக்கும். அந்த முடிச்சைச் சோதனைக்கு அனுப்பினால் நோயின் முத்திரை அதில் இராது. அனுப்பியவர் ஏமாந்து போவார். அவ்வாறு திடீரெனத் தொடங்குவது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். மூக்கிலும் கன்னத்திலும் மெல்ல ஊர்ந்து வருவதுதான் பிடிவாதக்காரன். மூக்கின் உட்புறத்தையும் எலும்பையும் அரிக்க வல்லது.

இந்த மூக்கு வகைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ஒன்றுண்டு: லூப்பஸ் பேர்னியோ. லூப்பஸ் என்றால் ஓநாய். பேர்னியோ என்பது கடுங்குளிரில் விரலிலும் மூக்கிலும் வரும் வீக்கம். 1889ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து வைத்தியரான பெஸ்னியே சூட்டியது. நம் நாட்டில் ஓநாயும் இல்லை. அந்தக் குளிரும் இல்லை. லூப்பஸ் என்று இன்று பலரும் அறிந்த நோய்க்கும் இதற்கும் சம்பந்தமுமில்லை. ஆயினும் வன்னியிலே பிறந்த பெண்ணொருத்தியின் கிளினிக் கொப்பியில் அந்தப் பெயர்தான் எழுதப்பட்டது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடநூல்களிலே வெண்ணிறத் தோலில் எடுத்த படங்களே நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தன. அவற்றில் இந்நோய் சிவப்பு அல்லது ஊதா. நம்மவர் தோலிற் கபிலம், கருங்கபிலம், சில வேளைகளிற் சாம்பல். சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது அகப்படாது. கண்ணாடித் துண்டொன்றைத் தோலின்மேல் அழுத்தி இரத்தத்தை விலக்கிப் பார்த்தால் அப்பிள் ஜெலியின் நிறம் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள். நிபுணர் அழுத்திக் காட்டினார். எனக்குத் தெரிந்தது பனாட்டின் நிறம். வெயிலிற் காய்ந்து மஞ்சளும் கபிலமும் கலந்து கிடக்குமே, அந்த நிறம். தோலைப் பற்றும் சயரோகத்திலும் இதே நிறம் தெரியும் என்று அவரே கூறினார். ஆகவே நிறமும் தீர்ப்புச் சொல்லாது.

அடுத்துத் தொழுநோயை விலக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கையாண்ட கருவி ஒரு சிறு பஞ்சுத் துணுக்கு. அவளைக் கண்களை மூடச்சொல்லி, தடித்த இடத்திலும் தடிக்காத இடத்திலும் மாறி மாறித் தொட்டார். தொட்ட ஒவ்வொரு முறையும் அவள் விரலால் அதே இடத்தைச் சுட்டினாள். முழங்கையின் உட்புறத்திலும் கழுத்தின் பக்கத்திலும் நரம்புகளைத் தடவிப் பார்த்தார், தடிப்பில்லை. தொழுநோய்க் கிருமி நரம்பையே நாடிச் செல்வது. உணர்ச்சி குன்றிய தோலும் தடித்த நரம்பும் அதன் அடையாளங்கள். பஞ்சுக்கு விலையில்லை, ஐந்து நிமிடம் போதும். முந்திய இடத்தில் அந்த ஐந்து நிமிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு காலையில் இருநூறு பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியரிடம் ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

காதுச்சோணையைக் கீறி எடுத்த கசிவிலும் கிருமியில்லை. ஆனால் தொழுநோயின் ஒருவகையிற் கிருமிகள் மிகச் சொற்பம். காணவில்லை என்பதால் இல்லை என்றாகாது. அந்தக் கிருமியை ஆய்கூடத்து ஊடகத்தில் வளர்த்துக் காட்டவும் இன்றுவரை எவராலும் இயலவில்லை. ஆகவே தோற்றுணுக்குகள் இரண்டு எடுக்கப்பட்டன: கன்னத்தில் ஒன்று, கைத் தழும்பில் ஒன்று. அவை வந்து சேர்ந்தது நான் வேலை செய்த ஆய்கூடத்துக்கே.

அவற்றை நானே சீவிச் சாயமிட்டேன். நோயியல் நிபுணரான அம்மையார் நுணுக்குக்காட்டியின் இரண்டாவது கண்ணில் என்னையும் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்புப் பின்னணியிலே வெளிறிய கலங்கள் திரண்டு உருண்டை உருண்டையாக நின்றன. கிரனுலோமா என்பார்கள், நான் மணித்திரள் என்று எழுதுகிறேன். உடம்பு தன்னால் அழிக்க முடியாத பகைவனைச் சுற்றிக் கட்டும் அரண் அது. சயரோகத்தில் அரணின் நடுவே இழையம் செத்துத் தயிர்க்கட்டி போலக் கிடக்கும். தொழுநோயில் அரண் நரம்பின் வழியே நீண்டு, நரம்பையே தின்றிருக்கும். பங்கசு நோயிற் பங்கசின் இழைகள் சாயத்தில் அகப்படும். இங்கே அரண்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன, அழுகல் இல்லை, நரம்புகள் அப்படியே இருந்தன, அரணைச் சூழ வழக்கமாக மொய்க்கும் சிறு கலங்களும் சொற்பமாகவே இருந்தன. உள்ளே எவருமில்லை. பகைவன் இல்லாத கோட்டை!

சயரோகக் கிருமிக்கு ஒரு சாயம், தொழுநோய்க் கிருமிக்கு அதிலும் மென்மையான ஒரு சாயம், பங்கசுக்கு வேறொரு சாயம் என்று மூன்று நாட்கள் வேலை செய்தேன். எல்லாம் வெறுமை. பின்னர் அம்மையார் ஒளியை முனைவாக்கும் தகட்டை மாட்டித் தழும்பின் துணுக்கைப் பார்த்தார். இருண்ட புலத்தில் மூன்று நான்கு துகள்கள் வெண்மையாக மின்னின. மணல். பத்தாண்டுகளுக்கு முன்னர் ஷெல் துண்டோடு சேர்ந்து உட்சென்ற கடற்கரை மணல், அவளது தோலுக்குள் அதுவரை கிடந்திருக்கிறது.

நான் பேசாமலிருந்தேன். அம்மையாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தொழிலுக்குத் திரும்பினார். "மணலைச் சுற்றியும் உடம்பு இப்படி அரண் கட்டும். இந்தத் தழும்பை மட்டும் அனுப்பியிருந்தால் நான் அந்நியப் பொருள் என்று எழுதி முடித்திருக்கக்கூடும். ஆனால் கன்னத்தில் மணல் இல்லையே!" என்றார். கன்னத்துத் துணுக்கு மீண்டும் தகட்டுக்கு வந்தது. ஒரு துகளும் மின்னவில்லை. அரண்கள் மட்டும் அதேபோல நின்றன. இரண்டிடத்தில் எடுத்ததன் பயன் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. மணல் இருந்தமை சார்க்கொயிடோசிஸை மறுக்கவில்லை. அந்நியத் துகள் கிடக்கும் இடத்தையே அது வேரூன்ற விரும்பும்.

அறிக்கையில் அவர் அந்த நோயின் பெயரை எழுதவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அழுகலில்லாத மணித்திரள்கள் உள்ளன, கிருமிகள் காணப்படவில்லை, ஏனைய சோதனைகளோடு பொருத்திப் பார்க்கவும் என்று மூன்றே வரிகள். இந்நோய்க்கு 'இதுதான்' என்று சுட்டும் ஒற்றைச் சோதனை கிடையாது. மற்றவை அனைத்தும் அல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே எஞ்சியிருப்பதற்கு அந்தப் பெயர். இரத்தத்தில் ஒரு நொதியத்தை அளந்து பார்ப்பதும் உண்டு. தனியார் ஆய்கூடங்களிலே அதற்கு நல்ல விலை வாங்குகிறார்கள். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அதனால் எதுவும் உறுதியாவதில்லை.

அந்நாட்களில் இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இலண்டனில் ஜொனதன் ஹச்சின்சன் என்ற புகழ்பெற்ற வைத்தியர் 1877ஆம் ஆண்டில் முதன்முதல் எழுதிவைத்த நோயாளி, நிலக்கரி இறக்கும் துறையிலே வேலை செய்த ஒரு தொழிலாளி. 1899ஆம் ஆண்டில் நோர்வேயின் தலைநகரில் சீசர் போக் என்பவர் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து 'சார்க்கொயிட்', அதாவது தசைப் புற்றைப் போன்றது, என்று பெயரிட்டது ஒரு பொலிஸ்காரரின் தோலைப் பார்த்து. ஹச்சின்சன் 1898இல் இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, நோய்க்கு அந்த அம்மையாரின் பெயரையே சூட்டினார்: மோட்டிமரின் நோய். அப்பெயர் நிலைக்கவில்லை.

இக்கதையிலும் தொழுநோயின் நிழல் விழுந்தே கிடக்கிறது. போக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கார்ல் வில்லெம் போக், டனியல்சன் என்பவரோடு சேர்ந்து 1847இல் தொழுநோயைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர். நோர்வேயின் பேர்கன் நகரிலேதான் 1873இல் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். அதன் பின்னரும் ஹச்சின்சன், பழுதுபட்ட மீனை உண்பதாலேயே தொழுநோய் வருகிறது என்று சாதித்து, 1906ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். ஒரு நோயை முதலில் கண்டெழுதிய அதே கூரிய கண், இன்னொரு நோயில் கிருமியைக் கண்முன் வைத்த பிறகும் மீனையே பார்த்தது!

இன்னொரு கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில், ஒளிர்குழாய் விளக்குச் செய்யும் தொழிற்சாலையொன்றின் தொழிலாளருக்கு, பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, நுரையீரல் நோய் கண்டது. நுணுக்குக்காட்டியின் கீழே அதே மணித்திரள்கள். 'சேலம் சார்க்கொயிட்' என்று அதற்குப் பெயராயிற்று. ஹரியற் ஹார்டி என்ற பெண் வைத்தியர் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை, எந்தத் தூளைத் தொட்டாய் என்று கேட்டார். விளக்கின் உட்பூச்சில் இருந்த பெரிலியம் என்ற உலோகமே காரணம் என்பதை 1946ஆம் ஆண்டில் எழுதினார். சார்க்கொயிடோசிஸ் என்றால் காரணம் தெரியாத நோய். பெரிலிய நோய் என்றாலோ காரணம் தெரியும், பொறுப்பாளியும் தெரியும். இரண்டும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே இருக்கும். என்ன வேலை என்ற கேள்விதான் அவற்றைப் பிரித்தது. முதலாளிமாருக்கு எந்தப் பெயர் வசதியாயிருந்திருக்கும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். 2001ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே இடிந்த கோபுரங்களின் தூசியைச் சுவாசித்த தீயணைப்புப் படையினரிடையேயும் இத்தகைய நோய் வழமையிலும் அதிகமாகக் கண்டறியப்பட்டது.

எங்கள் நிபுணரும் அவளிடம் அதைக் கேட்டார். துணித்தூசு, இயந்திர எண்ணெய், சாயநெடி என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரிலியத்துக்கு இடமில்லை. நெஞ்சு எக்ஸ்றேயில் நுரையீரல்களின் வேரிலே இருபுறமும் நிணநீர்க் கணுக்கள் சமனாக வீங்கியிருந்தன. அவளிடம் கேட்டபோதுதான், மாடிப்படி ஏறினால் இளைப்பதும், சில மாதங்களாக வறட்டு இருமல் இருப்பதும் வெளிவந்தன. முன்கையில் ஊசியேற்றும் சயரோகச் சோதனை சிறிதும் தடிக்கவில்லை. பிறந்தவுடன் எல்லாருக்கும் பி.சி.ஜி. ஏற்றும் நாட்டில் அந்தத் தட்டையான கையும் ஒரு சாட்சி. சார்க்கொயிடோசிஸ் உள்ளவர்களுக்கு அச்சோதனை அடிக்கடி ஊமையாகிவிடும். கண்ணைச் சோதித்தார்கள், இருதய மின்பதிவு எடுத்தார்கள், இரத்தத்திற் கல்சியத்தை அளந்தார்கள். இந்நோய் கண்ணில் ஓசையின்றிப் புகும், இருதயத்தின் துடிப்பைக் குழப்பும், கல்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோலிற் கண்டவர்களிடம் இவற்றையெல்லாம் தேடாமல் விடுவது, கூரையில் புகையைக் கண்டவன் புகையை மட்டும் விசிறுவது போன்றது.

எஞ்சியது சயரோகக் கிருமியை வளர்க்கும் சோதனை. அதற்கு எட்டு வாரம். அவசரப்பட முடியாத இடம் அதுதான். சார்க்கொயிடோசிஸை அடக்கும் மருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் ஸ்ரெரொயிட். உண்மையில் இருப்பது சயரோகமானால், அந்த மருந்து கிருமிக்குக் கதவு திறந்துவிடும். மறுபுறத்தில், சயரோகம் என்று எண்ணி ஆறு மாதம் அந்த மருந்தைக் கொடுத்தால், ஈரல் கெடக்கூடும், மூக்கோ கரைந்துகொண்டேயிருக்கும். நிபுணர் காத்திருக்கத் தீர்மானித்தார். அது சரியான தீர்மானமென்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

ஆனால் காத்திருப்பது யார்? "எட்டுக் கிழமையும் ஊருக்கு நான் என்னெண்டு சொல்லுறது, மாமா?" என்று அவள் பஸ் நிலையத்திற் கேட்டாள். குட்டம், பெருநோய், தொழுநோய் என்று ஒரு நோய்க்கு நம் மொழியில் இத்தனை பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கல்லைப் போல எறியக்கூடியது. அவளுக்கு வந்த நோய்க்கோ தமிழிற் பெயரே இல்லை. சொல்லிப்பார்த்தாள். இரண்டு முறை நாக்குத் தடுக்கியது. மூன்றாம் முறை சிரித்துவிட்டாள். "இதைச் சொன்னா, உண்மையை ஒளிக்கிறன் எண்டுதான் நினைப்பினம்."

எட்டு வாரத்தின் பின் கிருமி வளரவில்லை என்று பதில் வந்தது. அன்றே மருந்து தொடங்கியது: ஐட்ரொக்சிகுளோரோக்குயின், குறைந்த அளவிற் பிரெட்னிசொலோன், பின்னர் வாரத்துக்கு ஒருமுறை மெதொட்ரெக்சேற். நான்கு மாதங்களிற் கன்னம் பெரிதும் சமமாயிற்று. குளோபசிமீனின் கறுப்பு வெளிற ஓராண்டுக்கு மேலாயிற்று. மூக்கு மடலின் ஓரத்திற் சிறு பள்ளம் நிரந்தரமாகிவிட்டது. அது இரண்டரை ஆண்டுத் தாமதத்தின் கணக்கு.

மருந்து தொடங்கிய அன்று அவள் நிபுணரிடம் கேட்டது ஒன்றுதான். "தொத்தாது எண்டு ஒரு கடிதம் தருவீங்களோ, டொக்டர்?" அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலை முகாமையாளர் சிங்களவர், ஊர் தமிழ். கிளினிக்கில் இருந்த தாதி ஒருவர் அன்போடு சிங்களத்தில் எழுதித் தந்தார். தமிழை நான் எழுதினேன். நிபுணர் மூன்றிலும் முத்திரை குத்தினார். தமிழ்க் கடிதத்தை எழுதும்போது எங்கள் இருவருக்கும் ஒரு வாக்குவாதம் உண்டாயிற்று. 'இது தொழுநோயன்று' என்ற வரியைச் சேர்க்கச் சொன்னாள். எனக்குக் கை வரவில்லை.

காரணத்தை அவளுக்குச் சொன்னேன். அந்த வரிக்குள் இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது: தொழுநோயாயின் நீங்கள் விலக்கியது நியாயமே. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல், ஹேந்தளையில் தொழுநோயாளரை அடைத்துவைக்க ஒரு வைத்தியசாலை எழுந்தது; ஆங்கிலேயர் 1901இல் அடைத்துவைப்பதற்கு ஒரு சட்டமே இயற்றினர்; மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு அதற்கென ஒதுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மருந்தில்லை. 1983ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் முற்றாக நீங்கும். மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே தொற்றும் தன்மை போய்விடும். 1995ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தொழுநோய் கடந்துவிட்டது. எனினும் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்குக் குறையாத புதிய நோயாளர் கண்டறியப்படுகிறார்கள். ஊர் அஞ்சும் நோய்க்குத் திட்டமான மருந்துண்டு. அவளுக்கு வந்த, ஊர் அறியாத நோய்க்கோ அடக்கிவைக்க மட்டுமே மருந்துண்டு; எப்போது திரும்பும் என்று எவரும் சொல்லமுடியாது. இதையெல்லாம் ஒரு விரிவுரை போலவே சொல்லி முடித்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "உங்கட நியாயம் சரி, மாமா. ஆனா அந்த வரி இல்லாட்டி இந்தக் கடிதம் செல்லாது. எனக்கு வேலை வேணும்" என்றாள்.

எழுதினேன். அதன் கீழே, அவள் சம்மதத்தோடு, தொழுநோயும் மருந்தெடுப்பவரிடமிருந்து தொற்றுவதில்லை என்று இன்னொரு வரியையும் சேர்த்தேன். அந்த இரண்டாவது வரியை எவராவது வாசித்ததாக அவள் இதுவரை சொல்லவில்லை.

தொழிற்சாலை அவளை 2020 தைமாதத்தில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. தையல் இயந்திரத்தில் அல்ல. பொதிகட்டும் பகுதியில், மூலையில் உள்ள மேசையில். தைக்கிறவர்களுக்கு மாத இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை உண்டு, பொதிகட்டுபவர்களுக்கு இல்லை. கண் சோதனைக்கும் இரத்தச் சோதனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவு எடுக்க வேண்டும். லீவு எடுத்தால் வரவுப்படியும் வெட்டப்படும். இயந்திரத்துக்கு மாற்றித் தரும்படி இரண்டு முறை விண்ணப்பம் எழுதியிருக்கிறோம், மூன்று மொழியிலும்.